சாளையின் சினைக்காலம்: குளச்சல் கரையில் ஓராண்டு எடுத்த அளவுகள்

2023 அக்டோபரில் தொடங்கிய அளவெடுப்பு 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி, சனிக்கிழமை மாலையில் முடிந்தது. அன்று அறுத்த 28 சாளைகளில் ஒன்றில்கூட முதிர்ந்த சினை இல்லை. பெண் மீன்களின் சினைப்பைகள் சுருங்கி, வெளுத்து, முதுகெலும்பை ஒட்டி இரண்டு மெல்லிய நாடாக்களாகக் கிடந்தன. அதே மீன் ஜூன் மாதத்தில் வயிறு முட்டச் சினை வைத்திருந்ததை என் கையாலேயே நிறுத்து எழுதியிருந்ததால், ஒரு முழுச் சுற்று கண்முன்னே நிறைவேறியதைக் கண்ட மகிழ்ச்சியில் இதை எழுதத் தொடங்குகிறேன். முடிவைவிட, வழியில் செய்த தவறுகள்தான் இனிச் செய்ய நினைப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பதால் அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

சாளை என்று எங்கள் கரையில் சொல்வது மத்தியைத்தான். விலங்கியலில் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இது முட்டையிடும் என்பது பழைய செய்தி. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த மீனின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து நூறாண்டு ஆகிறது. ஆனால் கேரளக் கடலில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த சாளை 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்ததையும், அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி ஏறியதையும் பார்த்த பிறகு, நம் கரையில் இறங்கும் மீன் எந்த வாரத்தில் சினை பிடிக்கிறது, எந்த வாரத்தில் அதைக் கடலில் விடுகிறது என்பதை நானே அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துபவன் என்பதால் பள்ளி நுண்ணோக்கியை விடுமுறை நாட்களில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. மற்றவை எல்லாம் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தன.

திட்டம் எளிமையானது. மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 மீன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம், முழு எடை, வயிற்றைத் திறந்து பாலினம், சினைப்பை அல்லது விந்துப்பையின் எடை, முதிர்ச்சியின் நிலை. உறுப்பின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதை நோட்டில் ‘சினை விகிதம்’ என்று எழுதிக்கொண்டேன். மாதாமாதம் இந்த எண் ஏறி இறங்குவதுதான் இனப்பெருக்கக் காலத்தைக் காட்டும்.

முதல் தவறு கிழமையில் நேர்ந்தது. பள்ளி விடுமுறை என்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து அக்டோபர் 1-ஆம் தேதி கரைக்குப் போனேன். எங்கள் கரையில் ஞாயிறு அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது சிறுவயதிலிருந்தே தெரிந்த செய்திதான். ஆனாலும் திட்டம் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. சந்தையில் ஒரு கூடை சாளை கிடைத்ததும் வாங்கிவந்துவிட்டேன். அது முந்தைய நாள் மீன். ஐஸில் ஒரு இரவு கிடந்தது. வயிற்றைத் திறந்தபோது குடல் கரைந்து, சினைப்பையின் தோல் கையோடு கிழிந்து வந்தது. சாளையின் வயிறு மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் கெடும். அன்றைய அளவுகளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 7 முதல், காலை ஏழு மணிக்குள் வள்ளத்திலிருந்து இறங்கும் மீனையே வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் ஏலத்தில் எடுத்த கூடையிலிருந்து, பொறுக்காமல், மேலிருந்து கைக்கு வந்தபடி எண்ணித் தருவதாக ஒப்புக்கொண்டார். பெரிய மீனாகப் பார்த்துத் தர வேண்டாம் என்று அவருக்குப் புரியவைக்கத்தான் இரண்டு வாரம் ஆனது. “சாரே, நல்லதை மாத்திவச்சுட்டு மோசத்தை யாராவது வாங்குவாவளா?” என்று கேட்டுக்கொண்டேதான் எண்ணினார்.

இரண்டாவது சிக்கல் தராசு. வீட்டில் இருந்த சமையல் தராசு ஒரு கிராம் துல்லியம் கொண்டது. அக்டோபர் மாதத்துச் சினைப்பையை அதில் வைத்தால் பூஜ்யம் என்று காட்டியது. உண்மையில் அதன் எடை 0.3 கிராம் அளவில் இருந்தது. 750 ரூபாய்க்கு 0.01 கிராம் துல்லியமுள்ள சிறிய தராசு வாங்கினேன். காற்றடித்தால் எண் ஆடுகிறது என்பதால், ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, அதற்குள் தராசை வைத்து நிறுத்தேன். உறுப்பைத் தராசில் வைப்பதற்கு முன் செய்தித்தாள் துண்டின் மேல் ஒருமுறை உருட்டி ஈரத்தை எடுப்பது அவசியம். 0.3 கிராம் உறுப்பில் ஒரு துளி நீர் ஒட்டியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

மூன்றாவது தவறு மிகச் சிறியது; ஆனால் இரண்டு மாதம் என் கண்ணில் படவில்லை. நீளம் அளக்க ஒரு பலகையின் முனையில் குறுக்குக் கட்டை அடித்து, அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பதித்திருந்தேன். மீனின் மூக்கு கட்டையில் முட்ட வேண்டும். வால் காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யக் கோடு விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மீனை இரும்பு ஸ்கேலிலும் அளந்தபோதுதான் 4 மில்லிமீட்டர் குறைவாகவே எழுதிவந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எல்லா மீனிலும் ஒரே அளவு பிழை என்பதால், அக்டோபர், நவம்பர் பக்கங்களில் எல்லா நீளத்துடனும் 4 மி.மீ. கூட்டிச் சரிசெய்ய முடிந்தது. ஐஸ் மீனின் பிழையை அப்படிச் சரிசெய்ய வழியில்லை. அது மீனுக்கு மீன் மாறும்.

இதே காலத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. முதல் இரண்டு கூடைகளில் ஒன்பது மீன்கள் சாளையே அல்ல, சூடை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சாளையின் உடல் உருண்டு நீண்டிருக்கும், தலை நீளம். செவுள் மூடியின் பின்விளிம்பில் கறுப்புப் புள்ளி, அதற்குப் பின்னால் மங்கிய பொன்னிறப் புள்ளி. ஐயம் வந்தால் செவுள் மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பதே உறுதியான வழி. சாளையின் செவுள் சீப்புப் பற்கள் பட்டு நூலைப் போல அவ்வளவு நெருக்கம். முதல் செவுள் வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் 150-க்கு மேல் இருக்கும். சூடையில் அவற்றை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அந்த ஒன்பதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையால் அந்த மாதத்தின் இரண்டாம் கூடை கிடைக்கவில்லை. ஜனவரி முதல் பாதியில் சாளையே இறங்கவில்லை. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை பெண் மீனின் சராசரி சினை விகிதம் 0.6-க்கும் 0.9-க்கும் இடையிலேயே நின்றது. இந்த ஐந்து மாதமும் ஒரே மாதிரியான நாடா போன்ற உறுப்புகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு அதிகம் இல்லை. அறுத்த மீனை வீணாக்கவில்லை. அன்றைய மாலையே தேங்காய் அரைத்த குழம்பாகி மரச்சீனிக் கிழங்கோடு இலையில் வந்துவிடும். கெடாமல் பதப்படுத்த ஃபார்மலினில் போடும் உறுப்புகளுக்குத் தனிக் கத்தரிக்கோல், தனித் தட்டு. அவை சமையலறைப் பக்கமே போவதில்லை.

மார்ச்சில் எண் நகரத் தொடங்கியது: 1.4. ஏப்ரலில் 2.6. மே மாதத்தில் 5.1. சினைப்பை வெளிர் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறி, குடலை ஒருபக்கம் தள்ளிக்கொண்டு வயிற்றறையின் முக்கால் பங்கை நிரப்பியது. இதுவரை கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் தோலின் வழியே மணல்போலத் தெரிந்தன. ஆண் மீனில் விந்துப்பை கத்தி முனைபோல் தட்டையாகவும் பால் வெள்ளையாகவும் இருக்கும். மே கடைசியில் வயிற்றை அழுத்தினாலே வெள்ளைத் திரவம் கசிந்தது. சினை விகிதம் ஏறியபோது குடலைச் சுற்றியிருந்த கொழுப்பு குறைந்துகொண்டே வந்ததையும் அறுக்கும் கை உணர்ந்தது. ஜனவரியில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிய கொழுப்பு மே மாதத்தில் அவ்வளவாக இல்லை. அதை நிறுத்து எழுதாமல் போனது பெருங்குறை.

முட்டை எண்ணிக்கையையும் முட்டையின் விட்டத்தையும் இந்தக் காலத்தில்தான் எடுத்தேன். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் பொருத்தும் அளவுகோல் 1,200 ரூபாய். 4 மடங்கு பொருளருகு வில்லையில் அதன் ஒரு கோடு எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கண்டாக வேண்டும். இரும்பு ஸ்கேலின் ஒரு மி.மீ. இடைவெளியை மேலிருந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்து எண்ணினேன்: 40 கோடு. ஆக ஒரு கோடு 0.025 மி.மீ. வேறு நுண்ணோக்கியில் இது மாறும். யாரும் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே சினைப்பையில் எல்லா முட்டையும் ஒரே அளவில் இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மே 25 அன்று எடுத்த ஒரு துண்டை வாட்ச் கிளாஸ் என்னும் குழிந்த சிறு கண்ணாடித் தட்டில் நீர் விட்டு ஊசியால் பிரித்தபோது, 0.7 மி.மீ. அளவில் ஒளிபுகாத மஞ்சள் முட்டைகள் ஒரு கூட்டம், 0.4 மி.மீ. அளவில் இன்னொரு கூட்டம், அவற்றுக்கு இடையே கண்ணாடி போலத் தெளிந்த மிகச் சிறிய முட்டைகள் எண்ணற்றவை என்று மூன்று தலைமுறை ஒன்றாகக் கிடந்தது. அடுத்து வெளியேறப் போவது பெரிய கூட்டம் மட்டும்தான். எனவே எண்ணும்போது அதை மட்டும் எண்ண வேண்டும். முதல் இரண்டு மீன்களில் நான் எல்லாவற்றையும் எண்ணி ஒன்றரை லட்சம் என்று எழுதிவைத்திருந்ததை அடித்துவிட்டேன்.

எண்ணும் முறையில் இன்னொரு குழியிலும் விழுந்தேன். சினைப்பையின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து 0.1 கிராம் துண்டு ஒவ்வொன்று எடுத்து, எண்ணி, மொத்த எடைக்குப் பெருக்க வேண்டும். என் தராசின் துல்லியம் 0.01 கிராம். 0.10 என்று அது காட்டும்போது உண்மை 0.09 ஆகவும் இருக்கலாம், 0.11 ஆகவும் இருக்கலாம். பத்தில் ஒரு பங்குப் பிழை அங்கேயே புகுந்துவிடுகிறது. ஒரே சினைப்பையில் மூன்று துண்டுகளும் வெவ்வேறு விடை தந்ததற்கு மீனைக் காரணமாக நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் தராசு. எங்கள் ஊரில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு உண்டு. மாலையில் பட்டறை அடைத்த பிறகு, சிறு கண்ணாடித் தட்டில் துண்டுகளை மூடி எடுத்துப் போய், பொன் நிறுக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து நிறுத்தோம். 16.9 செ.மீ. நீளமும் 49 கிராம் எடையும் கொண்ட ஒரு பெண் மீனில் சினைப்பை 5.20 கிராம், மூன்று துண்டுகளும் சேர்ந்து 0.300 கிராம், அவற்றில் பெரிய முட்டை 2,640. கணக்குப் போட்டால் 45,760. இதே முறையில் எண்ணிய எட்டு மீன்களிலும் விடை 35,000-க்கும் 60,000-க்கும் இடையில் வந்தது. ஒரு மீனுக்கு எண்ணி முடிக்க இரண்டரை மணி நேரம். எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பதப்படுத்துவதற்கு, கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தினேன். கையுறையோடு, திறந்த வெளியில்தான் கலக்க வேண்டும். கண்ணும் தொண்டையும் எரியும். முட்டைகளைத் தனித்தனியாகப் பிரிக்க கில்சன் திரவம் சிறந்தது என்பார்கள். அதில் பாதரசக் குளோரைடு இருப்பதால் வீட்டில் அதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். ஊசியாலும் பொறுமையாலும் அதே வேலை நடக்கும். ஆனால் ஃபார்மலினில் கிடந்த உறுப்பின் எடை மாறும். சினை விகிதத்துக்கு எடையைப் பதப்படுத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏப்ரலில் நேரமில்லாமல் ஒரு கூடையை மறுவாரம் நிறுத்தேன், அந்தப் பக்கத்தின் மேல் நட்சத்திரக் குறி போட்டுவைத்திருக்கிறேன்.

உண்மையான சோதனை ஜூனில் வந்தது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் அலை அவற்றை விடுவதில்லை. ஜூன் 8 அன்று ஒரு வள்ளம் கொண்டுவந்த மீனில் சராசரி 8.3 என்று வந்தது. ஆண்டின் உச்சம் அதுதான். அதன் பிறகு கரை காலியாகிவிட்டது. சாளை எப்போது முட்டை விடுகிறதோ அதே வாரங்களில்தான் சாளை கிடைப்பதில்லை என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அவசரத்தில் செய்த பெருந்தவறு இதுதான். ஜூன் 22 அன்றும் ஜூலை 6 அன்றும் பக்கத்து ஊரான திங்கள்சந்தையில் மீன் வாங்கி 58 மீன்களை அறுத்துக் கணக்கில் சேர்த்தேன். சினை விகிதம் திடீரென்று 1.2 ஆக இறங்கியது. முட்டையிட்டு முடிந்துவிட்டது என்று பெரிய எழுத்தில் குறித்தேன். பிறகுதான் அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் லாரியில் ஐஸ் போட்டு வரும் மீன் அது. வேறு கடல், வேறு மழைக்காலம். எங்கள் கரையின் சினைக்காலத்தைப் பற்றி அந்த 58 மீனும் எதையும் சொல்லாது. அத்தனையையும் அடித்தேன். பல மணி நேர உழைப்பு போனது என்பதைவிட, பொய்யான ஒரு முடிவை மாணவர்களிடம் சொல்லிவிட்டிருந்தேன் என்பதுதான் உறுத்தியது; அடுத்த வகுப்பிலேயே திருத்திச் சொன்னேன்.

ஜூலை 27 அன்று கடல் சற்று அடங்கியபோது, வள்ளக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்த மீனிலிருந்து பதினொன்றைத் தந்தார். “ஆனி மழைக்கு முந்தின சாளையிலதான் மக்களே சினை காணும், இனி பாதி காலி, பாதி நெறவு” என்றார். அறுத்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. ஏழு பெண் மீன்களில் ஒன்றின் விகிதம் 10.8; சினைப்பைக்குள் முட்டைகள் நீரேறி, வேகவைத்த ஜவ்வரிசி போலப் பளபளத்தன. அதற்கு அடுத்து அறுத்த மீனில் 0.9, சினைப்பை காற்றிறங்கிய பையாகத் துவண்டு, உள்ளே இரத்தக் கசிவோடு செந்நிறமாக இருந்தது. அதை விரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளியேறாமல் தங்கிப்போய்ச் சிதையத் தொடங்கிய முட்டைகள் நான்கைந்து தெரிந்தன. முட்டையிட்டு முடித்த மீனுக்கும் இன்னும் பருவமே அடையாத மீனுக்கும் சினை விகிதம் ஒன்றாக வரலாம். இந்த மிச்ச முட்டைகளும் தடித்துச் சுருங்கிய தோலும்தான் இரண்டையும் பிரிக்கும். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இதைத் தவறவிட்டிருப்பேன். அந்த ஏழின் சராசரி 4.9 என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரிக்கு அருகில் எந்த மீனும் இல்லை.

ஆகஸ்டில் 1.9, செப்டம்பரில் 0.8. கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் பொடிச்சாளை வரத் தொடங்கியது.

எத்தனை செ.மீ. நீளத்தில் பாதிப் பெண் மீன்கள் முதிர்கின்றன என்று கணக்கிட்டபோதும் முதலில் தவறு செய்தேன். ஆண்டு முழுவதும் அறுத்த மீன்களைச் சேர்த்துப் போட்டதால் 17 செ.மீ.க்கு மேல் வந்தது. ஜனவரியில் ஓய்வில் இருந்த பெரிய மீன்களையெல்லாம் ‘முதிராதவை’ என்று எண்ணியதன் விளைவு அது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான மீன்களை மட்டும் எடுத்தபோது 15 செ.மீ. அளவில் நின்றது. கேரளத்தில் சாளைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சப் பிடிப்பு அளவு 10 செ.மீ. அந்த அளவில் நான் அறுத்த மீன் ஒன்றில்கூட மஞ்சள் முட்டையைப் பார்த்ததில்லை. அந்த வரம்பு மிகத் தாழ்வு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் என் மீன்களில் பெரும்பகுதி சாளைவலையில் பட்டவை. அந்த வலையின் கண்ணில் சிறியது நிற்காது. எனவே 15 என்பதை நான் இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மொத்தம் 22 கூடை, 611 மீன். சூடையும் சந்தை மீனும் போக 544: பெண் 281, ஆண் 239, பாலினம் அறிய முடியாத பொடி 24. செலவு: மீனுக்கு 5,900 ரூபாய், இரண்டு தராசுகளுக்கு 1,200, அளவுகோலுக்கு 1,200, தட்டு, கண்ணாடி வில்லை, பிளேடு, கையுறைகளுக்கு 900, அரை லிட்டர் ஃபார்மலினுக்கு 180. ஆக 9,380 ரூபாய். ஒரு கூடைக்கு அறுக்கவும் எழுதவும் நான்கு மணி நேரம் ஆனது.

அடுத்த சுற்றில் சில மாற்றங்கள். முழு எடையோடு, குடலை நீக்கிய எடையையும் எழுதுவேன். இரை நிரம்பிய வயிறு விகிதத்தைக் குறைத்துக் காட்டுகிறது. குடல் கொழுப்பைத் தனியாக நிறுப்பேன். மாதம் ஒரு கூடையாவது கரமடியிலிருந்து எடுப்பேன். மே பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை பதினைந்து நாளுக்கு ஒன்று என்பதை விட்டு, வாரம் ஒன்று. குறைவான மீன் கிடைத்தாலும் போதும். ஆனி, ஆடிக்கு ஏற்பாடு இப்போதே செய்தாயிற்று. அந்தப் பெரியவரிடம் மூடியுள்ள ஒரு சிறிய ஐஸ் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கிழமை வலை போட்டாலும் பத்து மீனை அதில் போட்டு, போட்ட நேரத்தை மூடியில் கரியால் எழுதி, பேரனிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபார்மலின் பாட்டிலைக் கரைக்குக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு இல்லை. மனிதர் உண்ணும் மீன் இறங்கும் இடம் அது. பலகையில் பிளாஸ்டிக் ஸ்கேலைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்கேலைத் திருகி முடித்துவிட்டேன். வரும் சனிக்கிழமை, அக்டோபர் 5, முதல் கூடை.